ஒளியால் வரையப்படும் லென்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் வரிசைகொள்ளும் பொருளான திரவப் படிகம் என்றவுடன் தொலைக்காட்சித் திரையோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் அதைக் கொண்டு தட்டையான லென்ஸும் செய்யலாம். கண்ணாடித் தகட்டில் ஒளிபட்டால் திரும்பும் மூலக்கூறுகளைக் கொண்ட அசோ சாயத்தை மெல்லிய படலமாகப் பூசி, முனைவாக்கிய (ஒரே திசையில் அதிரும்) நீல ஒளியைச் செலுத்தினால், சாய மூலக்கூறுகள் அந்த ஒளியின் முனைவுத் திசைக்குச் செங்குத்தாகத் திரும்பிக்கொள்கின்றன. அதன்மேல் பூசப்படும் திரவப் படிக மூலக்கூறுகளும், கயிறு பிடித்து நட்ட நாற்றைப் போல, அதே திசையில் வரிசைகொள்ள, புறஊதா ஒளி பட்டதும் அவை பாலிமராக இறுகி அவ்வமைப்பை நிலைநிறுத்துகின்றன. இத்திசையை மையத்திலிருந்து விளிம்புவரை தக்க கணக்கில் சுழற்றிச் சென்றால், சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தட்டைப் படலமே லென்ஸாகிவிடும். வட்டமுனைவு ஒளி, அதாவது அதிர்வுத் திசை சுழன்றபடி செல்லும் ஒளி, ஒரு சுழியில் வந்தால் குவியும், எதிர்ச்சுழியில் வந்தால் விரியும். நிறத்துக்கு நிறம் குவியத்தூரம் பெரிதும் மாறுவது இதன் முக்கியக் குறை.

முனைவு நிலை மாறும்போது ஒளி அலையின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) முன்பின்னாக நகர்வதே இந்த லென்ஸுக்கு அடிப்படை; அதை 1956-இல் பெங்களூரில் கண்டு எழுதியவர் இயற்பியலாளர் எஸ். பஞ்சரத்னம், அப்போது அவருக்கு வயது 22. பிரிட்டிஷ் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரியின் 1984-ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகே அக்கட்டுரை பரவலான கவனம் பெற்றது. அதற்குள் பஞ்சரத்னம் மறைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது வருத்தத்துக்குரியது.

கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ்களை அரோலேப் நிறுவனம் 1992 முதல் தயாரித்துவரும் மதுரையில், இயற்பியல் மாணவர்கள் இத்துறையை அறியாமலிருப்பது பொருத்தமன்று. முனைவாக்கித் தகடுகளைக் கொண்டு கல்லூரி ஆய்வகங்களிலேயே செய்துபார்க்கக்கூடிய எளிய திரவப் படிகச் சோதனை ஒன்றை இளநிலைச் செய்முறையில் சேர்க்கப் பாடத்திட்டக் குழுக்கள் பரிசீலிக்க வேண்டும். தங்கள் நாளிதழும் பஞ்சரத்னம் குறித்து ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.