செயலாளரின் ஆண்டறிக்கை: பென்டிரைவ் உறையில் எந்தப் பெயர்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நிறுவல் முகாம்கள் வழக்கம்போல் நடந்தன; வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது, டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தைத் திருத்தி நாம் வழங்கும் பென்டிரைவின் உறையில் எந்தப் பெயரை அச்சிடுவது என்ற கேள்வியே.

முகாமில் பென்டிரைவ் பெற்றுச் சென்ற ஆசிரியை ஒருவர், தமிழ்99 விசைப்பலகை இயங்கவில்லை என்று டெபியன் திட்டத்தினர் பிழைகளைப் பெற்றுக்கொள்ளும் வழுப்பதிவில் முறையிட்டிருந்தார். பிழையோ நாம் சேர்த்த அமைப்புக் கோப்பில் இருந்தது. உறையில் டெபியனின் சுழிச் சின்னத்தை நாமே அச்சிட்டிருந்ததால், அவர் அங்கே போனதில் தவறில்லை. யாரோ தன்னார்வலர் ஒருவரின் நேரத்தை நாம் வீணாக்கியது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

மூலநிரலைத் திருத்திப் பகிரக் கட்டற்ற உரிமங்கள் தரும் அனுமதி, வணிகக்குறிகளான பெயருக்கும் சின்னத்துக்கும் தானாகவே நீள்வதில்லை. டெபியனே இதைச் சந்தித்திருக்கிறது. பயர்பாக்ஸ் என்ற உலாவியின் பெயரைப் பயன்படுத்துவதானால் சின்னத்தையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும், செய்யும் திருத்தங்களுக்கு ஒப்புதலும் பெற வேண்டும் என்று 2006-இல் அதை உருவாக்கும் மொசில்லா கூறியது. அச்சின்னத்தின் உரிமம் டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்குப் பொருந்தவில்லை. நிலையான வெளியீட்டின் பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை, ஒப்புதலுக்குக் காத்திராமல், உடனுக்குடன் சேர்க்க வேண்டிய கட்டாயமும் டெபியனுக்கு இருந்தது. எனவே டெபியனில் பயர்பாக்ஸின் பெயர் ஐஸ்வீசல் ஆயிற்று. மொசில்லாவின் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்ட் ஐஸ்டவ் ஆயிற்று. பழைய பெயர்கள் முறையே 2016-இலும் 2017-இலும்தான் திரும்பின. அக்காலத்தில் மொசில்லாவைக் குறைகூறியவர்களில் நானும் ஒருவன். ஆசிரியையின் முறையீட்டைப் படித்தபின், பெயரைக் காப்பவர் பயனரையும் காக்கிறார் என்றே கருதுகிறேன்.

ஆகவே செயற்குழு எடுத்த முடிவு இது: நாம் திருத்திய தொகுப்புக்கு நமது பெயரையே இடுவது, தொடக்கத் திரையிலும் உறையிலும் உள்ள சுழியை நீக்குவது, உண்மைத் தகவலைச் சொல்லப் பெயரைப் பயன்படுத்த டெபியனின் வணிகக்குறிக் கொள்கை இடமளிப்பதால், 'டெபியனை அடிப்படையாகக் கொண்டது' என்ற வரியை மட்டும் வைத்துக்கொள்வது, பயர்பாக்ஸில் நாம் மாற்றியிருந்த முகப்புப் பக்கத்தை விட்டுவிட்டு, டெபியன் தரும் பொதியை அப்படியே வழங்குவது, பிழைகளைத் தெரிவிக்க உறையில் நமது தொலைபேசி எண்ணைப் பெரிதாக அச்சிடுவது.

மீதமுள்ள பழைய உறைகளை இனி வழங்க வேண்டாம் என்று முகாம் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய பெயராகத் 'தும்பை', 'நொச்சி' ஆகிய இரண்டும் முன்மொழியப்பட்டுள்ளன. வேறெவரும் இப்பெயர்களில் மென்பொருள் வெளியிட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தபின், இப்பொதுக்குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன்.

செயலாளர்