டிரம்மில் என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள்

தொழிற்சாலைகளில் கழிவுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் கழிவு வந்து இறங்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். லாரி நின்றதும் டிரம்மின் மூடியைத் திறந்து சாம்பிள் எடுப்பது என் பொறுப்பு. "கெமிக்கல் கழிவு", "பழைய ஆயில்", "ஈ.டி.பி. கசடு" (கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் தங்கும் கசடு). பெரும்பாலான லேபிள்களில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு மூடியைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒருநாள் "காரக் கழிவு" என்று எழுதிய சில டிரம்கள் வந்தன. தாளை நனைத்துப் பார்த்தோம், அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். எண் 12. ஆசிட் விட்டுச் சமன்படுத்திவிடலாம் என்று கூட வேலை செய்பவர் தயாரானார். நான் லாரி ஓட்டி வந்தவரிடம் பேச்சுவாக்கில், இது எந்தப் பிரிவில் ஏற்றியது என்று கேட்டேன். "பிளேட்டிங் பக்கம் சார்" என்றார். உலோகத்துக்கு முலாம் பூசும் அந்த வேலையில் சயனைடு பயன்படுத்துவதுண்டு. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு சயனைடு சோதனை செய்தோம். இருந்தது. அதில் ஆசிட் விழுந்திருந்தால் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பியிருக்கும். நாங்கள் நான்கு பேர் அந்த ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

பி.எச். தாள் சொல்லாததை ஓட்டுநரின் இரண்டு வார்த்தை சொன்னது. நான் உங்களிடம் கேட்பதும் அதுதான். கழிவை வகைப்படுத்தும் வேலை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, அது உருவாகும் இடத்தில் தொடங்குகிறது. தொட்டியில் என்ன ஊற்றினோம், எத்தனை நாள் ஓட்டினோம், எதைக் கழுவினோம் என்பது அங்கே நிற்கும் சூப்பர்வைசருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

விதிகளும் இந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்க விதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கழிவு எந்தச் செயல்முறையிலிருந்து வந்தது என்று பார்க்கிறது. மின்முலாம் பூசும் ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது தங்கும் கசடு, சில விலக்குகள் போக, அந்த விதியின் அபாயகரமான கழிவுப் பட்டியலிலேயே இருக்கிறது. சோதனையில் எண் குறைவாக வந்தாலும் அது தானாகப் பட்டியலை விட்டு வெளியேறாது. பட்டியலில் இல்லாதவற்றுக்குத்தான் குணத்தைப் பார்ப்பது மட்டும் போதும். திரவமாக இருந்து 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் ஆவி தருகிறதா, பி.எச். 2 அல்லது அதற்குக் கீழா, 12.5 அல்லது அதற்கு மேலா, நீரோடோ ஆசிட்டோடோ வினைபுரிந்து நச்சு வாயு விடுகிறதா, விஷம் கசிகிறதா. மேலே சொன்ன டிரம்மின் பி.எச். 12 என்பதைக் கவனியுங்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அது அரிக்கும் கழிவு என்றுகூட ஆகியிருக்காது.

கசிவுச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பணமும் நேரமும் வீணாகிறது. 100 கிராம் கழிவை அதைப்போல் 20 மடங்கு எடையுள்ள மென்மையான அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, 18 மணி நேரம் சுழற்றி, வடிகட்டிய நீரில் கரைந்திருக்கும் நச்சை அளக்கிறார்கள். குப்பை மேட்டுக்குள் இறங்கும் நீர் எதையெல்லாம் கரைத்துக்கொண்டு போகும் என்பதற்கான மாதிரி அது. ஈயத்துக்கும் குரோமியத்துக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம், பாதரசத்துக்கு 0.2. இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. திடக் கழிவில் மொத்த ஈயமே கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால், முழுவதும் கரைந்தாலும் 20 மடங்கு கரைசலில் 5-ஐ எட்டாது. அப்போது ஈயத்துக்காக இந்தச் சோதனையே தேவையில்லை. மொத்த அளவை முதலில் பாருங்கள்.

சாம்பிளை மேலாக மொண்டு அனுப்பாதீர்கள். டிரம்மில் எண்ணெய் மேலே மிதக்கும், கனமான கரைப்பான் அடியில் கிடக்கும். நீளக் குழாயை அடிவரை இறக்கி எடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். அப்புறம், வாங்கிய ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளை அப்படியே இணைத்து அனுப்புகிறீர்கள். அது புதுச் சரக்கைப் பற்றியது. அதே கரைப்பான் ஒரு மாதம் உலோகப் பாகங்களைக் கழுவிய பிறகு அதில் கிரீஸும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும், அந்தத் தாளில் அது இருக்காது.

கலப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். கழுவி மிஞ்சிய குளோரின் கரைப்பானைப் பழைய ஆயில் டிரம்மில் ஊற்றிவிட்டால் இடம் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஆயிலில் ஹாலஜன் (குளோரின் வகைத் தனிமங்கள்) 1,000 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டினால், அபாயகரமான கழிவு கலந்திருப்பதாகவே அமெரிக்க விதி எடுத்துக்கொள்கிறது. அப்படிக் கலக்கவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஓர் ஊர் இருந்தது. 1970-களில் அதன் மண் சாலைகளில் தூசி அடங்க ஆயில் தெளித்தார்கள். டையாக்ஸின் என்ற கொடிய நச்சு கொண்ட ரசாயன ஆலைக் கழிவு அந்த ஆயிலில் கலந்திருந்தது. அதே ஆயில் தெளித்த குதிரை லாயங்களில் 1971-லேயே குதிரைகள் செத்தன. ஊரின் மண்ணைச் சோதித்தது 1982-ல்தான். அடுத்த ஆண்டே அரசு அந்த ஊரை விலைக்கு வாங்கிக் காலி செய்ய முடிவெடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். தெளித்த நாளில் அது எல்லோருக்கும் வெறும் பழைய ஆயில்.

வம்பு வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் "அபாயகரம்" என்று ஒட்டி அனுப்புபவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சாதாரண அட்டைப்பெட்டிகளோடு சயனைடும் ஒரே லேபிளில் வந்தால் எதை முதலில் கவனிப்பது?

சரி, நாளை காலையிலிருந்தே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு டிரம்மிலும் எந்தப் பிரிவு, எந்த வேலை, உள்ளே போன முக்கியப் பொருள்கள், முதலில் ஊற்றத் தொடங்கிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். மூலப்பொருளோ செயல்முறையோ மாறினால் பழைய அறிக்கையை ஒதுக்கிவிட்டு மறுபடி வகைப்படுத்துங்கள். கடைசி வரியில் அந்தப் பிரிவின் சூப்பர்வைசருடைய போன் எண் இருக்கட்டும். மூடியைத் திறக்கும் முன் நான் கூப்பிடுவேன், எடுத்துப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டிரம் திறப்பவர்களில் ஒருவன்