கேமரா வருவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

நீ ஆசிரியராக இருக்கும் அமெரிக்க நகரமான பால்டிமோரில் 2015இல் நடந்த கொந்தளிப்பையும் அதைச் செய்தி நிறுவனங்கள் காட்டிய விதத்தையும் வகுப்பில் பாடமாக எடுக்கப்போகிறேன் என்றாய். கேட்டது முதல் என் மனம் அதையே சுற்றிவருகிறது. வேலைக்காலம் முழுவதும் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

"பத்திரிகைகள் பொய் சொல்கின்றன" என்று தொடங்காதே. கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பாடமும் அத்துடன் முடிந்துவிடும். செய்தி எப்படித் தயாராகிறது என்று காட்டு. நான் பார்த்தவரை, வாசகனின் மனத்தைத் திருப்புவது அப்பட்டமான பொய் அல்ல. செய்தியை எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பதுதான்.

ஏப்ரல் 27ஆம் தேதியையே எடுத்துக்கொள். பென்சில்வேனியா அவென்யூவும் நார்த் அவென்யூவும் சந்திக்கும் முனையில் எரிந்த மருந்துக்கடையைத்தான் உலகம் பார்த்தது. அன்று பிற்பகல் மொண்டாமின் வணிக வளாகத்தின் அருகே நடந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. எதிரே ஃபிரெடரிக் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளி. பல பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுக்குப் பஸ் மாறும் இடம் அது. மாணவர்கள் கலவரம் செய்யக் கூடப்போகிறார்கள் என்று சமூக ஊடகத்தில் ஒரு தகவல் சுற்றியது. தலைக்கவசமும் கேடயமுமாகப் போலீசார் வந்து நின்றார்கள். மெட்ரோ நிலையம் மூடப்பட்டது, பஸ்கள் நிறுத்தப்பட்டன, பிள்ளைகள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் தெருவில் நின்றார்கள் என்று அங்கிருந்த ஆசிரியர்களும் பெற்றோர்களும் அப்போதே சொன்னார்கள். கல்லெறிந்தவர்களும் இருந்தார்கள்; அதை மறைக்க வேண்டாம். ஆனால் பள்ளி விட்ட நேரத்தில் தொடங்கும் செய்தியும், கடை பற்றியெரிந்த நேரத்தில் தொடங்கும் செய்தியும் ஒன்றாகாது. அதற்கும் முன்னால் போனால் ஏப்ரல் 12: ஃபிரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் கைதான நாள். போலீஸ் வேனில் தண்டுவடம் முறிந்து 19ஆம் தேதி இறந்தார். 27ஆம் தேதி அவருடைய இறுதிச் சடங்கு.

ஒவ்வொரு செய்தியும் எந்த நாளில், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல். நீ விளக்கவே வேண்டியிருக்காது.

1992இல் லாஸ் ஏஞ்சலீஸ் எரிந்தபோது எங்கள் டெலிபிரிண்டரில் சாவு எண்ணிக்கை, சேத மதிப்பு, ஊரடங்கு உத்தரவு என்று வந்துகொண்டே இருந்தன. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீசார் வழக்கில் விடுதலையானது முதல் பத்தியிலேயே இருந்தது. அந்த ஊர்க் கறுப்பின மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே பல ஆண்டுகளாக இருந்த பகையைப் பற்றி ஒரு வரி வந்தாலும் அது கடைசிப் பத்தியில்தான் இருக்கும். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். காரணங்கள் அப்படித்தான் அச்சுக்குப் போகாமல் உதிர்கின்றன.

சேதக் கணக்கையும் சொல்லிக்கொடு. 1967இல் டெட்ராய்ட் நகரக் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். சேதம் 50 கோடி டாலர் வரை இருக்கும் என்று செய்தி பறந்தது. பிறகு கணக்கெடுத்தபோது 4 கோடி முதல் 4.5 கோடி டாலர்தான் தேறியது. அந்தக் காலக் கலவரங்களை ஆராய ஜனாதிபதி ஜான்சன் நியமித்த கெர்னர் குழு 1968 அறிக்கையில் இதைப் பதிவுசெய்து, செய்தி ஊடகங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. செய்தித்துறையில் ஆசிரியர் குழு வேலைகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றும் அது எழுதியது.

அந்த 5 சதவீதத்தைப் பிள்ளைகள் வெறும் எண்ணாகக் கடந்துபோகாதிருக்க ராபர்ட் ரிச்சர்ட்சனைப் பற்றிச் சொல். 1965இல் லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபோது லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸில் ஒரு கறுப்பினச் செய்தியாளர்கூட இல்லை. விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த 24 வயது ரிச்சர்ட்சன் உள்ளே போனார். தெருவோரத் தொலைபேசிக் கூண்டில் நின்று, கண்ணால் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். வாட்ஸ் செய்திகளுக்காக அடுத்த ஆண்டு அந்தப் பத்திரிகை புலிட்சர் பரிசு பெற்றது. எனக்கு இன்றும் ஆறவில்லை. லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வாழும் நகரம்; அவர்களில் ஒருவரைச் செய்தி எழுத அழைப்பதற்கு ஊர் பற்றியெரிய வேண்டியிருந்தது.

ஒப்பிட்டுப் படிக்க உன் ஊரிலேயே ஆஃப்ரோ பத்திரிகை இருக்கிறது. கறுப்பினத்தவர் 1892இல் தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் 1968 ஏப்ரலில் பால்டிமோர் கொந்தளித்த நாட்களின் இதழ்களை நூலகத்தில் தேடி எடு. அதே வாரத்து மற்ற நாளிதழ்களைப் பக்கத்தில் வை. யார் பேசுகிறார்கள், யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் "கும்பல்" என்று பிள்ளைகள் கோடிட்டுக் காட்டட்டும்.

இன்னொன்று அம்மா. நீ அந்த ஊருக்கு வெளியிலிருந்து போனவள். உன் மாணவர்களில் சிலருடைய அண்ணனோ அக்காவோ அன்று அந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கலாம். பேச விரும்புகிறவர்கள் பேசட்டும். பேசாத பிள்ளையை எழுப்பி "உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்காதே. அந்தக் குழந்தை வகுப்புக்குப் படிக்க வந்திருக்கிறது, சாட்சி சொல்ல வரவில்லை.

எந்தெந்த இதழ்களைத் தேர்ந்தெடுத்தாய் என்று எழுது. முதல் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் நானும் உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா