தேடிக் கிடைத்ததைச் சேமிக்க விடுங்கள்

இங்கிலாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆவணங்களைத் தேடித் தரும் சேவையின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தேடல் முடிவுகளை அட்டவணையாகப் பதிவிறக்கும் வசதியைச் சென்ற அப்டேட்டில் எடுத்துவிட்டீர்கள். காரணம் கேட்டு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான். அதனால் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். அந்த வசதியைத் திருப்பிக் கொடுங்கள்.

அது எங்களுக்கு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். என் கணவர் வழிக் கொள்ளுப்பாட்டியும் அவருடைய அக்காவும் 1871 கணக்கெடுப்பில் பெற்றோருடன் இருக்கிறார்கள். 1881இல் அந்தக் குடும்பப்பெயரில் யாருமே இல்லை. குடும்பப்பெயரை விட்டுவிட்டு, இருவரின் முதல் பெயர், வயது, பிறந்த ஊர் ஆகியவற்றை மட்டும் வைத்துத் தேடி, வந்த இரண்டு பட்டியல்களையும் மென்பொருளில் ஏற்றினேன். ஆர்.ஜி. 11 என்று தொடங்கும் ஆவண எண், தாள் எண், பக்க எண் என்று வரிசைப்படுத்தியதும் அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வரிகளில் வந்து நின்றார்கள், வேறொரு குடும்பப்பெயரில். உறவு என்ற இடத்தில் 'மருமகள்' என்று இருந்தது. மணமாகாத 15 வயதுப் பெண் எப்படி மருமகள் ஆவாள்? அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த பிள்ளைகளையும் அப்படித்தான் எழுதுவார்களாம். தகப்பன் இறந்து, தாய் மறுமணம் செய்திருக்கிறார். இதை என் கண் கண்டுபிடிக்கவில்லை, வரிசைப்படுத்திய அட்டவணை காட்டிக்கொடுத்தது.

இப்போது அப்டேட்டுக்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். என் மாமியாருக்கு வயது 81. "பாட்டிக்கு ஒரு அக்கா இருந்தாராம், கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆனாரென்றே தெரியாது" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அக்காவை 1891இல் தேடினேன். அதே முதல் பெயர், அதே பிறந்த ஊர், மணமானவர் என்று பக்கம் பக்கமாக வந்தது. பதிவிறக்க வழியில்லாததால் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதினேன். எழுதும்போது 25 வயதுப் பெண்ணின் வரிக்கு நேரே அடுத்த வரியின் தாள் எண்ணை எழுதிவிட்டேன். அந்த எண்ணுக்குரிய கணக்கெடுப்புத் தாளின் படத்தைத் திறந்தால் வயது 24. கணக்கெடுப்பில் ஒரு வயது முன்பின் இருப்பது சகஜம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் கணவர், பிள்ளைகள், 1901, 1911 என்று பின்தொடர்ந்து, 11 பேரைக் குடும்ப மரத்தில் சேர்த்து, அச்செடுத்து மாமியார் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தன் தங்கையிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்துத் திருமணச் சான்றிதழ் வந்தது. அதில் மணமகளின் தகப்பன் பெயர் வேறு. அந்த 11 பேரும் எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதை மாமியாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிழை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் கணினியில் இருக்கும் எண்ணை நான் ஏன் கையால் எழுத வேண்டும்?

மொத்தமாக நகலெடுத்து விற்பவர்களைத் தடுக்கவே எடுத்தோம் என்பீர்களானால், ஒரு தேடலுக்கு 500 வரி என்று வரம்பு வையுங்கள். படங்கள் வேண்டாம், பெயர், வயது, உறவு, பிறந்த ஊர், ஆவண எண் போதும். அதற்கும் மனமில்லை என்றால் ஆண்டுதோறும் கட்டும் சந்தா எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 1881 கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியல் தன்னார்வலர்கள் பல்லாண்டுகள் கூலியின்றி உட்கார்ந்து படியெடுத்ததால் உருவானது. அப்படிப்பட்ட உழைப்பைப் பார்க்க மட்டும் விட்டு, பயன்படுத்த விடாமல் பூட்டுவது எந்த நியாயம்?

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் அழிந்தது. 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1921க்குப் பின் அடுத்தது 1951. கணக்கெடுப்பு விவரங்களை நூறாண்டு மூடிவைக்கும் விதிப்படி அது திறக்க 2052 ஆகிவிடும். அதுவரை புதிதாக எந்தக் கணக்கெடுப்பும் வரப்போவதில்லை. இருப்பதையே திரும்பத் திரும்பச் சலித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. சல்லடையைப் பிடுங்கிக்கொண்டு தேடச் சொல்லாதீர்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவிறக்க வசதியைத் தயவுசெய்து மீண்டும் தாருங்கள். தாமதமாகும் என்றால், எப்போது வரும் என்றாவது ஒரு வரி எழுதுங்கள். 1891இல் அந்தப் பெயரில் இன்னும் 190க்கும் மேற்பட்டவர்களை நான் பார்க்க வேண்டியிருக்கிறது. மாமியார் அதன்பின் அக்காவைப் பற்றிக் கேட்பதில்லை. அவர் இருக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்லிவிட விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்