இரண்டு பாத்திரம், ஒரே குரல்

ஆசிரியருக்கு,

‘சாங் ஆஃப் தி சீ’ (2014) என்ற அயர்லாந்து அனிமேஷன் படத்தைப் பற்றித் தங்கள் சிறுவர் இணைப்பில் வந்த விமர்சனம், அதன் தொன்மக் கதை குடும்பக் கதையோடு ஒட்டவில்லை என்கிறது. ஒட்டவைப்பது குரல்தான். மனைவியை இழந்த தந்தை கானருக்கும், தொன்மக் கதையில் துயரத்தால் கல்லாகிப்போன ராட்சதன் மாக் லிருக்கும் பிரெண்டன் கிளீசன் ஒருவரே பேசுகிறார். பாட்டிக்கும், உணர்ச்சிகளைச் சாடிகளில் அடைக்கும் ஆந்தைச் சூனியக்காரி மாக்காவுக்கும் ஃபியோனுலா ஃபிளானகன். ஊர்க் கதைசொல்லி எல்லாப் பாத்திரமுமாகத் தானே பேசுவதைப் போன்ற உத்தி இது.

வசன வரிகளோடு மட்டும் திரையிட்டால், ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எழுத்துக்கூட்டுவதற்குள் காட்சி போய்விடுகிறது. பெரியவர்கள் உரக்கத் தமிழில் சொல்லும் திரையிடல்களிலோ, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொள்வதால் இந்த இணைப்பு அறுந்துவிடுகிறது. திரைப்படக் கழகங்கள் இந்த நான்கு பாத்திரங்களையும் இருவரிடமே ஒப்படைக்க வேண்டும். கரையேறித் தோலைக் கழற்றிப் பெண்ணாகும் சீல், அத்தோலை ஒளித்துவைக்கும் மனிதன், அது கைக்குக் கிடைத்ததும் கடலுக்கே திரும்பும் மனைவி என்ற, படத்துக்கு அடிப்படையான ‘செல்கி’ தொன்மக் கதையைப் படத்துக்கு முன் ஐந்து நிமிடம் வாயால் சொல்லிவிடுவதும் அவசியம். பாடல்களின் மேல் மட்டும் யாரும் பேச வேண்டாம்; கானரின் வாய் பேசாத சிறுமகளின் பாட்டில்தான் கதையின் முடிச்சு அவிழ்கிறது.