ஸ்கோர் நோட்டுக்கு இரண்டு பேர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்து கண்மாய்கள் வற்றிவிட்டால் மதுரையைச் சுற்றி டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட்டுக்குக் குறைவில்லை. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் மைதானத்துக்கு ஒருவர் இருப்பார். ஸ்கோர் நோட்டு, மைக், போன வருஷ அரையிறுதியில் யார் எத்தனை அடித்தார் என்ற பழங்கணக்கு எல்லாம் அவரிடம்தான். 2018-ல் மதுரை பாந்தர்ஸ் அணி டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கோப்பை வாங்கியதைக் கேட்டால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். எல்லா அணிக்கும் அவர் ‘அண்ணன்’. அந்தப் பிரியத்திலேயே மொத்த வேலையையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆட்ட விதிப்படி ஸ்கோரர்கள் இரண்டு பேர். அம்பயர் காட்டும் ஒவ்வொரு சைகைக்கும் அவர்கள் கை உயர்த்திப் பதில் தர வேண்டும். அதுவரை அடுத்த பந்தைப் போட விடக்கூடாது. ஒரே ஆள் கமெண்டரியும் சொல்லிக்கொண்டு குனிந்து எழுதினால், முட்டியைத் தொட்டுக் காட்டிய லெக் பை (பேட்டில் படாமல் உடம்பில் பட்டு ஓடிய ரன்) கண்ணில் படாது. அது பேட்ஸ்மேன் கணக்கில் ஏறிவிடும்.

ஓவருக்கு ஓவர் சரிபார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. பேட்ஸ்மேன்கள் எடுத்தது 62, உதிரி (எக்ஸ்ட்ராஸ்) 9 என்றால் மொத்தம் 71. உதிரியில் பந்துவீச்சாளர் கணக்கில் சேராத பை (பேட்டிலும் உடம்பிலும் படாமல் ஓடிய ரன்), லெக் பை 4 என்றால், பந்துவீச்சாளர்கள் கொடுத்தது 67 வர வேண்டும். வரவில்லையென்றால் அந்த ஓவரிலேயே தேடிப் பிடித்துவிடலாம். ஆட்டம் முடிந்தபின் முடியாது.

கூட்டல் சரியாக வந்தும் கணக்கு தப்புவதுண்டு. நோ-பால் கீப்பரைத் தாண்டி ஓடி, பேட்டில் படாமல் இரண்டு ரன் எடுத்தால், பலரும் மூன்றையும் நோ-பாலாகவே எழுதுகிறார்கள். 2017 விதிப்படி ஒன்றுதான் நோ-பால், மற்ற இரண்டும் பை. சிறந்த பந்துவீச்சாளர் பரிசை எகானமி (ஓவருக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) பார்த்துக் கொடுக்கிற இடத்தில் இந்த இரண்டு ரன்னுக்குக் கோப்பையே கை மாறும். கேட்ச் ஆனபோது பேட்ஸ்மேன்கள் கிராஸ் ஆகியிருந்தாலும், ஓவர் முடிந்தாலொழிய, புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும் என்பது 2022-லிருந்து விதி. இதைச் சொன்னால் இன்னும் சண்டைக்கு வருகிறார்கள்.

பெரிய குழப்பம் நெட் ரன் ரேட். ஓவருக்கு எடுத்த ரன் சராசரியிலிருந்து கொடுத்த ரன் சராசரியைக் கழித்து வருவது அது; புள்ளிகள் சமமானால் யார் முன்னேறுவது என்று இதை வைத்துத்தான் பார்ப்பார்கள். 6.2 ஓவர் என்பது 6 ஓவர் 2 பந்து. கால்குலேட்டரில் 49-ஐ 6.2-ஆல் வகுத்தால் 7.90 காட்டும், 38 பந்துக்கு உண்மையான ரேட் 7.74. இன்னொன்று, 8 ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி 6.2 ஓவரில் 48-க்கு ஆல் அவுட் ஆனால் முழு 8 ஓவரால் வகுக்க வேண்டும். ரேட் 6 மட்டுமே. இதை மறந்து தோற்ற அணியை அரையிறுதிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலை பஞ்சாயத்து பேசுகிறார்கள்.

சர்வதேச அணிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2023 ஆசியக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக 37.1 ஓவரில் 292 எடுக்க வேண்டும் என்பதோடு ஆப்கானிஸ்தான் கணக்கை நிறுத்திக்கொண்டது. அந்தப் பந்தில் ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் கடைசி ஆட்டக்காரர் கட்டை போட்டார். 37.4 ஓவருக்குள் ஒரு சிக்ஸர் அடித்து 295 ஆக்கியிருந்தாலும் அடுத்த சுற்று கிடைத்திருக்கும். களத்தில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

போட்டி நடத்துவோர் நுழைவுக் கட்டணத்திலிருந்தே இரண்டு ஸ்கோரர்களுக்குச் சம்பளம் ஒதுக்கட்டும். மைக்கை வேறு ஆளிடம் கொடுக்கட்டும். செல்போன் ஆப்பில் ஏற்றினாலும் நோட்டிலும் எழுத வேண்டும். மதிய வெயிலில் திரையும் தெரியாது, சார்ஜும் நிற்காது. மேசையை மேற்குப் பக்கம் போட்டால் சாயங்கால வெயில் முதுகுக்குப் போய்விடும், அம்பயர் கை தெளிவாகத் தெரியும்.

தங்கள் நாளிதழிலும் உள்ளூர் ஆட்ட முடிவுகளை ‘இன்ன அணி வெற்றி’ என்பதோடு விடாமல், ரன், விக்கெட், ஓவர் மூன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உள்ளூர் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவோர் சிலர்,
மதுரை.