குன்றை உடைக்கும் முன் ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள்

கல்குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் எவ்வளவு தோண்டினாலும் வண்டல், களி, மணல் இவைதான் வரும், கல் வராது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கே கல் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான், கான்கிரீட்டுக்கு ஜல்லி, பூச்சுக்கு எம் சாண்ட், வாய்க்கால் கரைக்குக் கருங்கல் எல்லாம் புதுக்கோட்டை, பெரம்பலூர், கரூர் பக்கத்துக் குன்றுகளிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிறது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அரசு சட்டம் போட்டபோது நாங்கள் வெடி வெடிக்காத குறைதான். ஆனால் எங்கள் மண்ணைக் காப்பாற்றிக்கொண்டு பக்கத்து ஜில்லாவின் குன்றை வீடாகக் கட்டிக்கொள்கிறோம் என்பது உறுத்துகிறது. அதனால்தான் குவாரித் தூசி ஒரு நாளும் மேலே படாத நான் இதை எழுதுகிறேன்.

விஷயம் பல்லி. சிரித்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

குவாரி விண்ணப்பத்தோடு உங்களுக்கு வரும் அறிக்கை ஒன்றைப் படித்தேன். 'ஊர்வன' என்று போட்டு நாலே பெயர்: வீட்டுப் பல்லி, ஓணான், அரணை, சாரைப்பாம்பு. இந்த நாலும் எங்கள் கொல்லையில் இருக்கின்றன, இதை எழுதக் குன்றுக்குப் போயிருக்கவே வேண்டாம்! வீட்டுப் பல்லி வாழைத்தார் லாரியிலும் கப்பலிலும் ஏறி உலகத்தில் பாதியைச் சுற்றிவிட்ட பிராணி. பாறையில் வாழும் பல்லி வேறு ஜாதி. நிமாஸ்பிஸ் என்றொரு பேரினம் (ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்களின் கூட்டம்) இருக்கிறது, விரல் நீளம்கூட வராத குட்டிப் பல்லிகள், இவற்றில் பெரும்பாலானவை பகலில் நடமாடுகிறவை. வீட்டுப் பல்லிக்குக் கண்மணி கீற்றாக இருக்கும், இதற்கு நம்முடையதைப் போல வட்டம். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே நிழலும் லேசான ஈரமும் இருக்கிற இடுக்குதான் இதற்கு ஊர், உலகம் எல்லாம். இதைக் கொண்டுபோய் வெயில் காயும் பொட்டலில் விட்டால் அடுத்த குன்றுக்குப் போய்ச் சேராது.

இந்தப் போகமுடியாமையில்தான் கதையே இருக்கிறது. நம் பக்கத்துப் பாறை உலகத்திலேயே பழைய பாறைகளில் ஒன்று, வயது நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள். சுற்றியுள்ள நிலம் காய்ந்து வெட்டவெளியாகிப் போன காலங்களில் பல்லிகள் ஆளுக்கொரு குன்றில் தங்கிவிட்டன, குன்று தீவானது. கலப்பு நின்றுபோனது. ஒரு குன்றில் ஏற்பட்ட மாற்றம் இன்னொரு குன்றுக்குப் போக வழியில்லை, லட்சக்கணக்கான ஆண்டுகளில் அவை தனித்தனி இனங்கள். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே சாம்பல் புள்ளியோடு இருக்கும். ஆணின் தொடையடியில் வரிசையாக இருக்கும் நுண்ணிய துளைகளை லென்ஸ் வைத்து எண்ணி, முதுகுச் செதிலைப் பார்த்து, மரபணுவையும் ஒப்பிட்டால்தான் பிரிவது தெரியும். சேர்வராயன் மலையிலிருந்து ஒரு நிமாஸ்பிஸ் 2000-இல் பெயர் பெற்றது, அப்போதே வேலூர்க் கோட்டையிலிருந்தும் ஒன்று. 2019-இல் சேலம் பக்கத்திலிருந்து மேலும் மூன்று. 2022-இல் சேர்வராயனையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் அலசி ஒரே கட்டுரையில் ஐந்து, அதில் ஒன்றுக்குப் பச்சைமலையின் பெயர். பச்சைமலை திருச்சிக்கு வடக்கே, எங்களுக்குக் கூப்பிடு தூரம் மாதிரிதான். ஆள் போய்த் தேடிய இடத்தில் கிடைத்தது, தேடாத குன்றுகள் எத்தனையோ.

குகைப் பல்லிகள் இன்னும் விசேஷம். தென்கிழக்கு ஆசியாவில் சமவெளி நடுவே செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளில் சிர்டோடேக்டைலஸ் என்ற பேரினத்துப் பல்லிகள் உண்டு, அந்தப் பேரினத்தில் மொத்தம் 300-க்கு மேல் இனங்கள். விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, நகத்தால் பற்றி ஏறும். குகையில் வாழ்பவற்றுக்கு நீண்ட மெலிந்த கால், பெரிய கண், இடுக்கில் நுழையத் தோதாகத் தட்டையான உடல். குகை என்றதும் கண் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், இவை வாசலுக்கும் இருட்டுக்கும் இடையில் புழங்குவதால் கண்தான் பிழைப்பு. மியான்மரின் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து அமெரிக்க ஊர்வன ஆய்வாளர் லீ கிரிஸ்மர் குழு 2018-இல் 12 புதிய இனங்களை ஒரே மூச்சில் அறிவித்தது. இந்தக் குன்றுகளைப் பழைய இனங்கள் ஒதுங்கிய இடம் என்றுதான் முன்பு நினைத்தார்கள், புதிதாகப் பிரிந்து உருவாவதும் அங்கேயேதான் என்று வம்சாவளி காட்டிக்கொடுத்தது. மலேசியாவில் பேராக் மாநிலத்துக் குனுங் காந்தான் குன்றில் ஒரு பல்லிக்கு 2014-இல் பெயர் வைத்தபோது அங்கே சிமெண்ட் ஆலைக்காகக் குவாரி ஓடிக்கொண்டிருந்தது. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் தரைக்கடியில் கிடப்பது, அதனால் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. நம் சிக்கல் கருங்கல்லில்.

எல்லாக் குன்றிலும் புது இனம் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பல இடங்களில் பரவலாகத் திரியும் பல்லிகள் மட்டுமே இருக்கும், அங்கே தாராளமாக அனுமதி கொடுங்கள். வீடு கட்ட ஜல்லி எனக்கும் வேண்டும். கேட்பது இதுதான்: பல்லி தெரிந்த ஒருவர் மழைக்குப் பின் குன்றுக்குப் போகட்டும், பகலில் ஒருமுறை, இருட்டியபின் டார்ச்சோடு ஒருமுறை. பகல்பல்லியும் ராப்பல்லியும் ஒரே நேரத்தில் கண்ணில் படாது. பாறை இடுக்கின் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள், சுண்டைக்காயைவிடச் சின்னதாக வெள்ளை முட்டைகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும், பல பல்லிகள் ஒரே இடத்தில் இடுவதும் உண்டு. ஒரு வெடியில் அந்த இடுக்கே போய்விடும். மரம் வெட்டினால் வேறிடத்தில் நடுகிறேன் என்று எழுதி வாங்கலாம், பாறைக்கு யாரிடம் எழுதி வாங்குவீர்கள்?

பல்லி கிடைத்தால் சரியான இடத்தை இணையத்தில் போட்டுவிடாதீர்கள். 1999-இல் பெயரிடப்பட்ட ஒரு சீனக் குகைப் பல்லியை, இடம் வெளியே தெரிந்ததும், வளர்ப்புக்காக விற்கிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். குன்று காப்பாற்றத் தகுதியானது என்று தெரிந்தால் 2022-இல் மதுரை அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த வழி இருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை.

அப்புறம், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அந்த ஊர்வனப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். யார் போய்ப் பார்த்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்கட்டும். ஆடு மேய்க்கிறவர்கள் படித்துவிட்டு விட்டுப்போனதைச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
குன்றே இல்லாத ஊர்க்காரன்